உருவ கேக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார், பொம்மை, பந்து, எண், விலங்கு என்று கொண்டாட்டங்களுக்கு உருவ கேக் செய்ய முயன்ற வாசகர்களின் கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். பலரும் மேல் அலங்காரத்தில் வந்த கோளாறைத்தான் எழுதியிருக்கிறார்கள். வெடிப்பு, வீக்கம், சரிவு எல்லாம் கண்ணுக்குத் தெரிவது மேலே; அவற்றின் காரணம் பெரும்பாலும் அடியில், கேக்கிலோ பூச்சிலோ தாங்கலிலோ இருக்கிறது. அதனால் பதில்களையும் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்குக் கார் கேக் செய்யலாம் என்று செதுக்க ஆரம்பித்தால், கத்தி பட்ட இடமெல்லாம் உதிர்கிறது. சமையல் குறிப்பில் தவறா, கத்தியில் தவறா?

பதில்: இரண்டையும் பார்க்க வேண்டும். முதலில் கேக். பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் கேக் செதுக்க ஏற்றதல்ல. வெண்ணெயும் மாவும் கூடுதலாகச் சேர்ந்த, கனமான மடெய்ரா வகைக் கேக்தான் கத்திக்குத் தாங்கும். 30 × 20 செ.மீ. செவ்வக டின்னுக்கு அளவு இது: வெண்ணெய் 350 கிராம், பொடித்த சர்க்கரை 350 கிராம், முட்டை 6, மைதா 525 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, பால் 3 மேசைக்கரண்டி.

எல்லாப் பொருளும் அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். மூன்றாவது முட்டையிலிருந்து ஒவ்வொன்றோடும் ஒரு கரண்டி மாவைப் போட்டால் கலவை திரியாது. மீதி மாவைச் சேர்த்த பிறகு பீட்டரை ஓரம் வைத்துவிட்டுக் கரண்டியால் மடித்துக் கலக்கவும். இந்தக் கட்டத்தில் அதிகம் அடித்தால் உள்ளே நீள நீளமான துளைகள் விழும். செதுக்கும்போது சரியாக அங்கேதான் பிளக்கும். 160 டிகிரியில் (விசிறி ஓவன் என்றால் 140) ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை வேகட்டும்.

வெந்த அன்றே செதுக்காதீர்கள். முழுக்க ஆறியதும் க்ளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் வெண்ணெய் இறுகிப் பொருக்கை (உதிரும் கேக் துகளை) பிடித்துக்கொள்ளும். நுண்ணிய வளைவுகள் இருந்தால், செதுக்குவதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லது. கத்தி ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்தியாக இருக்கட்டும்; அழுத்தாமல் ரம்பம் இழுப்பது போல இழுக்க வேண்டும்.

காரின் அளவுக்கு வருவோம். கேக்கை நீளவாக்கில் 10 செ.மீ. அகலமுள்ள இரண்டு பட்டைகளாக வெட்டுங்கள். ஒன்றை 25 செ.மீ. நீளத்துக்கு நறுக்கினால் அது அடிப்பகுதி. மற்றதிலிருந்து 14 செ.மீ. துண்டு எடுத்து, நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி மேலே ஒட்டினால் அது கூரை. மீதித் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், தவறாக வெட்டிய இடத்தை அடைக்க உதவும். பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் காகிதத்தில் முழு அளவில் வரைந்து, கத்தரித்து, கேக்கின் மேல் டூத்பிக்கால் குத்தி வைத்துக்கொண்டு வெட்டவும். குத்தும்போது எத்தனை டூத்பிக் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அத்தனையும் வெளியே வந்துவிட்டனவா என்று மறுபடி எண்ணுங்கள்.

முதலில் பெரிய சரிவுகள்: முன் கண்ணாடி, பின் கண்ணாடி. பிறகு எல்லா விளிம்பையும் மழுக்குங்கள். கூர்மையான விளிம்பில்தான் பின்னால் மேலே போர்த்தும் ஃபாண்டன்ட் (தேய்த்து விரிக்கும் சர்க்கரைப் பசை) கிழியும். சக்கரம் 3.5 செ.மீ. விட்டம் இருந்தால் இந்த நீளத்துக்குப் பொருந்தும். காரைக் கேக் வைக்கும் அடிப்போர்டில் நேராக உட்கார வைத்தால் அது தரையில் புதைந்த மாதிரி இருக்கும். காரைவிட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. சிறிய அட்டைப் பலகையை 1.5 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, உணவுக்கு உகந்த தாளால் சுற்றி அடியில் வையுங்கள். சக்கரங்கள் காரைத் தூக்கி நிறுத்துவது போல் தெரியும். உருவ கேக்கில் மிகக் குறைந்த உழைப்பில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது இந்த ஒரு வேலைதான்.

கேள்வி: சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் பூச்சு ஒருமுறை ஓடுகிறது, ஒருமுறை கல்லாகிறது. சரியான விகிதம் என்ன? பட்டர் கிரீம் போதாதா?

பதில்: மேலே ஃபாண்டன்ட் போர்த்தப் போகிறீர்கள் என்றால் கனாஷ்தான் எங்கள் தேர்வு. பட்டர் கிரீம் விரல் பட்டால் அமுங்கும். சூடான நாளில் வெண்ணெய் 32 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். கனாஷ் இறுகி ஓடு போல நிற்கும், அதன் மேல் வளைவுகளைச் சீர் செய்யலாம்.

விகிதம் எடையில்: டார்க் சாக்லேட் 2 பங்குக்கு கிரீம் 1 பங்கு. மில்க் சாக்லேட், வெள்ளை சாக்லேட் என்றால் 3 பங்குக்கு 1, ஏனென்றால் அவற்றில் கோகோ குறைவு, இறுகும் தன்மையும் குறைவு. அறை சூடாக இருந்தால் டார்க்கை இரண்டரைக்கும் வெள்ளையை நான்குக்கும் உயர்த்துங்கள். கிரீமில் கொழுப்பு 35 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். குறைந்த கொழுப்புள்ள கிரீமில் நீர் அதிகம், அதனால்தான் ஓடுகிறது.

கிரீமைக் கொதி வரும் நேரத்தில் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளியே கலக்கவும். எண்ணெய் பிரிந்து திரிந்தால் வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி விட்டு மெதுவாகக் கலக்கினால் சேர்ந்துவிடும். மேற்பரப்பை ஒட்டினாற்போல் க்ளிங் ஃபிலிம் போட்டு ஓர் இரவு வெளியில் வைத்தால் மறுநாள் டூத்பேஸ்ட் பதத்துக்கு வரும். அதுதான் பூசும் பதம். மேலே சொன்ன காருக்கு 500 கிராம் டார்க் சாக்லேட்டும் 250 கிராம் கிரீமும் போதும்.

மெல்லிய முதல் பூச்சு பொருக்கைப் பிடித்து வைக்க மட்டுமே. அது இறுகிய பிறகு 4 மி.மீ. கனத்தில் இரண்டாவது பூச்சு. அதையும் இறுக விட்டு, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் மேடு பள்ளத்தை வழித்துவிடுங்கள். ஃபாண்டன்ட் எதையும் மறைக்காது. அடியில் இருக்கும் சின்னப் பள்ளத்தையும் அப்படியே காட்டும்.

கேள்வி: 3, 8 போன்ற எண்களுக்கு டின் இல்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. 8-க்கு 20 செ.மீ., 18 செ.மீ. வட்டக் கேக் இரண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் 6 செ.மீ. ஓட்டை. இரண்டும் சேரும் இடத்தில் தலா 1 செ.மீ. சீவி நேராக்கினால் நன்றாக ஒட்டும். 3-க்கு அதே போல் இரண்டு வளையம் செய்து, இரண்டிலும் இடது பக்கத்தில் கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டுச் சேர்க்கவும். 1, 4, 7 மூன்றுக்கும் செவ்வகக் கேக்கே போதும்.

இரண்டு இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள். பூச்சு பூசியதும் ஓட்டை சிறுத்துவிடும். ஆகவே கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதைவிடப் பெரிதாகவே வெட்டுங்கள். அடுத்து, சமமான மேற்பரப்பு கிடைக்கக் கேக்கைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். காகித வடிவத்தை வைத்து வெட்டிய பிறகு கவிழ்த்தால் எண் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடும். முதலில் கவிழ்த்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

கேள்வி: பொம்மை கேக்கில் பாவாடை உயரம் போதாமல் இடுப்பு வெளியே நிற்கிறது. கிண்ணத்தில் வேகவைத்தால் நடுவில் மாவாகவே இருக்கிறது.

பதில்: பொம்மையின் இடுப்பிலிருந்து பாதம் வரை முதலில் அளந்துகொள்ளுங்கள். கேக்கின் உயரம் பூச்சோடு சேர்ந்து அந்த அளவுக்கு வர வேண்டும். கிண்ணத்தில் வெந்த கேக் மட்டும் போதாது. அதன் வாய் அகலத்துக்குச் சமமான வட்டக் கேக் ஒன்றோ இரண்டோ அடியில் அடுக்கி உயரத்தைக் கூட்ட வேண்டும். மொத்தம் 10 செ.மீ. தாண்டினால் நடுவில் ஓர் அட்டையும் அதன் அடியில் தாங்கு குச்சிகளும் தேவை. நடுத் துளையைக் குறுகிய உருளைக் கட்டரால் எடுத்து, பொம்மையின் கால்களை க்ளிங் ஃபிலிமில் சுற்றி இறக்குங்கள். தலைமுடியையும் உயர்த்திச் சுற்றி வைத்துவிட்டால் பூச்சில் ஒட்டாது.

வேகாத நடுப்பகுதிக்குக் காரணம் வெப்பம். ஆழமான பாத்திரத்தில் ஓரம் முதலில் வெந்து இறுகி, நடு கடைசியில்தான் சூடாகும். 180-ல் வைத்தால் மேலே கருகி உள்ளே கூழாக இருக்கும். 150 டிகிரிக்குக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். பாத்திரத்தில் முக்கால் பங்குக்கு மேல் மாவு வேண்டாம். மேற்புறம் சிவந்துவிட்டால் ஃபாயில் தாளைத் தளர்வாக மூடி வேகவிடுங்கள். நீளமான குச்சியை அடி வரை குத்திப் பார்க்காமல் எடுக்காதீர்கள். பாத்திரம் ஓவனில் வைக்கத் தகுந்ததா என்பதையும் பாருங்கள்: எவர்சில்வர் சரி, மெலமைன் கூடாது.

கேள்வி: கால்பந்து கேக். பந்து உருளுகிறது, ஃபாண்டன்ட் அடியில் மடிப்பு மடிப்பாக விழுகிறது. அறுகோணங்களும் பொருந்தவில்லை.

பதில்: 15 செ.மீ. விட்டமுள்ள பந்துக்கு மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 1,770 மி.லி. இரண்டு அரைக்கோளங்களாகச் செய்து, கீழ்ப்பாதியின் அடியில் 6 செ.மீ. வட்டத்துக்குச் சீவித் தட்டையாக்கி, கனாஷால் போர்டில் ஒட்டுங்கள். மேல்பாதியின் எடை கீழ்ப்பாதியை அமுக்கி இடுப்பில் பிதுங்க வைக்கும். அதைத் தடுக்க 13 செ.மீ. வட்ட அட்டையை நடுவில் வைத்து, கீழ்ப்பாதிக்குள் மூன்று தடித்த ஸ்ட்ராக்களை அட்டையைத் தொடும் உயரத்துக்கு நறுக்கி நிறுத்துங்கள்.

கால்பந்துக்கு முழு ஃபாண்டன்ட் போர்வையே தேவையில்லை. வழக்கமான கறுப்பு வெள்ளைப் பந்தில் 12 ஐங்கோணங்கள், 20 அறுகோணங்கள், ஆக 32 துண்டுகள். எல்லாத் துண்டுகளுக்கும் பக்க நீளம் ஒன்றே. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பூச்சோடு சேர்ந்த விட்டத்தை ஐந்தால் வகுத்தால் போதும், மிக நெருக்கமான அளவு வந்துவிடும். பூசிய பிறகு பந்து 16 செ.மீ. என்றால் பக்கம் 3.2 செ.மீ. உச்சியில் ஒரு கறுப்பு ஐங்கோணத்தை வைத்து, அதன் ஐந்து பக்கத்திலும் ஐந்து வெள்ளை அறுகோணங்களை ஒட்டி, அப்படியே கீழிறங்குங்கள். அடித்தட்டைப் பகுதியில் சில துண்டுகள் குறைவுபடும், அது தெரியாது. துண்டுகளை வெட்டியவுடன் ஒட்டுங்கள், காய்ந்துவிட்டால் வளையாது. கனாஷ் மேல் துண்டு பிடிக்கத் தண்ணீரைத் தூரிகையால் லேசாகத் தொட்டால் போதும். அதிகமானால் துண்டு வழுக்கி இறங்கும்.

கேள்வி: ஃபாண்டன்ட் எவ்வளவு வாங்க வேண்டும்? யானைத்தோல் போல் வெடிப்பும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்வையும் ஏன்?

பதில்: அளவு: கேக்கின் விட்டம், அதோடு உயரத்தின் இரு மடங்கு, அதோடு 5 செ.மீ. அவ்வளவு அகலத்துக்குத் தேய்க்க வேண்டும். 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வட்டக் கேக்குக்கு 45 செ.மீ. வட்டம், 4 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய 800 கிராம் பிடிக்கும். காருக்கும் அதே அளவு ஆகும். மேலே 200 கிராம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெடிப்பு என்பது காய்ந்த மேற்பரப்பு. ஒன்று, தேய்த்துவிட்டு நேரம் கடத்தியிருப்பீர்கள். இல்லையென்றால் ஒட்டாமல் இருக்கக் கார்ன்ஃப்ளார் அதிகம் தூவியிருப்பீர்கள். தூவுவதைக் குறைத்து, வெள்ளைத் தாவரக் கொழுப்பைக் கையில் தடவிப் பிசையுங்கள். வெடித்த இடத்திலும் அதே கொழுப்பை விரல்நுனியால் வட்டமாகத் தேய்த்தால் சிறு வெடிப்பு மறையும். அடியில் காற்று அடைத்துக் குமிழி வந்தால் சுத்தமான ஊசியைச் சாய்த்துக் குத்தி, விரலால் தடவி வெளியேற்றவும்.

பக்கவாட்டில் வளையமாகப் பிதுங்குவது வேறு நோய். அடுக்குகளுக்கிடையே கிரீம் அதிகமாகவோ கேக் அமுங்காமலோ இருக்கும்போதே போர்த்திவிட்டால் அப்படி வரும். அடுக்கிய கேக்கின் மேல் லேசான தட்டை வைத்து, சில மணி நேரம் அமுங்க விட்டபின் பூசுங்கள்.

வியர்வை என்பது காற்றின் ஈரம் குளிர்ந்த சர்க்கரையில் படிவது. சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள். ஃபாண்டன்ட் கேக்கை ஃபிரிட்ஜுக்கே கொண்டுபோகாமல் இருப்பதுதான் தீர்வு. அதனால் உள்ளே விப்பிங் கிரீமும் நறுக்கிய பழமும் வைக்காதீர்கள். அவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாதவை. கட்டாயம் குளிர வைக்க வேண்டியிருந்தால் அட்டைப் பெட்டியில் மூடி வையுங்கள். வெளியே எடுத்ததும் குளிர் விடும் வரை பெட்டியைத் திறக்காதீர்கள். வியர்த்துவிட்டால் துடைக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். விசிறிக் காற்றில் தானே காயும்.

கேள்வி: நின்றுகொண்டிருக்கும் விலங்கு கேக் செய்ய ஆசை. தலை விழாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: முதல் முயற்சி என்றால் படுத்திருக்கும் விலங்கு, அல்லது கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் விலங்கு போதும் என்பதே எங்கள் கருத்து. நான்கு காலில் நிற்பது கேக் வேலையைவிடத் தச்சு வேலை அதிகம் கேட்கும். 12 மி.மீ. ஒட்டுப்பலகை, அதில் அடியிலிருந்து திருகிய திருகுக்கம்பிகள், அவற்றின் மேல் வயிற்றைத் தாங்கும் பலகை என்று கூடு முழுதும் தயாரான பிறகுதான் கேக் வரும். கம்பி உணவைத் தொடக் கூடாது. உணவுக்கு உகந்த குழாயால் போர்த்த வேண்டும்.

உட்கார்ந்த விலங்குக்கு உடலே 10 செ.மீ. தாண்டினால் நடுவில் அட்டை. அடியடுக்குக்குள் நான்கு தாங்கு குச்சிகள், எல்லாம் ஒரே உயரத்தில். ஒன்று 3 மி.மீ. குட்டையாக இருந்தாலும் மேலடுக்கு அந்தப் பக்கம் சாயும். முதல் குச்சியை இறக்கிக் குறித்து, வெளியே எடுத்து, அதே அளவுக்கு மற்ற மூன்றையும் வெட்டுங்கள். பிறகு உச்சியிலிருந்து அடிப்போர்டு வரை ஒரே நடுக்குச்சி.

தலையைக் கேக்கால் செய்யாதீர்கள். கை, கால், தலை, தும்பிக்கை எல்லாவற்றுக்கும் பொரியும் மார்ஷ்மெல்லோவும் சேர்ந்த கலவை எடை குறைவானது, செதுக்கவும் வரும். வெண்ணெய் 40 கிராமையும் மார்ஷ்மெல்லோ 200 கிராமையும் இளந்தீயில் உருக்கி, அரிசிப் பொரி 160 கிராமைப் போட்டுப் புரட்டி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாக அழுத்தி உருட்டுங்கள். தளர்வாக விட்டால் பின்னால் சுருங்கி மேலுறை வெடிக்கும். கரடுமுரடான மேற்பரப்பைக் கனாஷ் பூசிச் சமன் செய்த பிறகே ஃபாண்டன்ட். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். சைவ உணவுக்காரர்கள் வருகிறார்கள் என்றால் பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள்.

காது, கொம்பு, வால் போன்ற மெல்லிய பாகங்களுக்கு 250 கிராம் ஃபாண்டன்டில் ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. பொடியை (ஃபாண்டன்டை இறுகச் செய்யும் உணவுப் பசைப் பொடி) பிசைந்து செய்து, ஒரு வாரம் முன்னதாகவே காய வையுங்கள். பூக்கம்பியை நேரடியாகக் கேக்கில் குத்தாதீர்கள்; முதலில் ஒரு ஸ்ட்ராவைச் செருகி அதற்குள் வையுங்கள்.

கேள்வி: கறுப்பும் சிவப்பும் அடர்த்தியாக வரவே மாட்டேன் என்கின்றன.

பதில்: வெள்ளையிலிருந்து தொடங்காதீர்கள். கறுப்புக்குச் சாக்லேட் நிறத்திலிருந்து தொடங்கினால் பாதி வழி முடிந்துவிடும். திரவ நிறம் ஃபாண்டன்டைக் குழைத்துவிடும். ஜெல் அல்லது பேஸ்ட் மட்டும். நிறம் ஓர் இரவில் இன்னும் அடர்ந்து வரும் என்பதால் வேண்டிய அடர்த்திக்குச் சற்று முன்பே நிறுத்தி, காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள். அளவு மீறினால் கசக்கும். ஊதா நிறம் வெளிச்சத்தில் நீலமாக வெளுக்கும்; பெட்டியில் மூடி வையுங்கள்.

கேள்வி: முட்டை சேர்க்காத கேக்கைச் செதுக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு. சூட்டில் இறுகிக் கேக்கைக் கட்டிப் பிடிப்பது முட்டை. அது இல்லாதபோது பொருக்கு எளிதில் விடும். எண், இதயம், புத்தகம் போன்ற தாழ்ந்த உருவங்களையோ உருவ டின்னையோ தேர்ந்தெடுங்கள். 20 செ.மீ. டின்னுக்குக் கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம், உருக்கிய வெண்ணெய் 120 கிராம், மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, பால் 180 மி.லி., வினிகர் ஒரு மேசைக்கரண்டி. கண்டென்ஸ்டு மில்க் சீக்கிரம் சிவக்கும், 150–160 டிகிரியைத் தாண்ட வேண்டாம். செதுக்கும் முன் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் கட்டாயம்.

கேள்வி: மினுமினுப்புத் தூள் பொட்டலத்தில் ‘நச்சற்றது’ என்று இருக்கிறது. தூவலாமா?

பதில்: உண்ணத்தக்கது என்று தெளிவாக எழுதி, சேர்மானப் பட்டியலும் இருந்தால் மட்டும். நச்சற்றது என்பது வயிற்றுக்குள் போகலாம் என்று பொருள்படாது. உண்மையான பூ வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அரளிப்பூ நச்சுள்ளது, கேக்கின் அருகிலேயே வரக் கூடாது.

கேள்வி: எந்த நாளில் எந்த வேலை? கொண்டுபோவதும் வெட்டுவதும் எப்படி?

பதில்: விழாவுக்கு ஒரு வாரம் முன் சின்ன உருவங்கள். மூன்று நாள் முன் கேக்கைச் சுட்டு, கனாஷையும் கலக்கி வையுங்கள். இரண்டு நாள் முன் செதுக்கி, பூசி, இறுக விடுங்கள். முந்தின நாள் ஃபாண்டன்ட். விழா நாளில் காது, கொம்பு, சக்கரம் போன்றவற்றை ஒட்டுவது மட்டும். சுடுவதையும் போர்த்துவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதுதான் பல கேக்குகள் சரியக் காரணம்.

போர்டு கேக்கைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக இருந்தால் கை வைத்துத் தூக்க இடம் கிடைக்கும். காரில் இருக்கையில் வைக்காதீர்கள், அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்; மடியும் அப்படித்தான். சமமான தரைப்பகுதியில் வழுக்காத விரிப்புப் போட்டு வைத்து, ஏ.சி.யை முன்கூட்டியே ஓட விடுங்கள். உடையக்கூடிய பாகங்களைத் தனிப் பெட்டியில் கொண்டுபோய் அங்கே ஒட்டுங்கள். கூடவே கொஞ்சம் கனாஷ், தூரிகை, மீதி ஃபாண்டன்ட் இருக்கட்டும்.

எத்தனை பேருக்கு என்று கணக்கிடும்போது செதுக்கித் தள்ளிய பகுதியையும் பொரிக் கலவையையும் சேர்க்காதீர்கள். 10 செ.மீ. உயரக் கேக்கில் ஒருவருக்கு 2.5 × 5 செ.மீ. துண்டு போதும். வெட்டுகிறவர் வேறு ஒருவர் என்றால் எத்தனை குச்சி, எத்தனை அட்டை, எந்த இடத்தில் என்று ஒரு தாளில் வரைந்து கேக்கோடு கொடுத்துவிடுங்கள். முதலில் நடுக்குச்சியை உருவி, தலையைத் தனியே எடுத்து, மேலடுக்கை அட்டையோடு தூக்கி வேறு தட்டில் வைத்து வெட்ட வேண்டும். உருவிய குச்சிகளை அந்தத் தாளோடு சரிபார்த்த பிறகு குழந்தைகளுக்குப் பரிமாறுங்கள்.